அடுப்படியைத் திருப்பி வாங்கினேன்

நேற்றுக் காலை என் அக்கா நம் அடுப்படியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் நான் அதைத் திருப்பி வாங்கிவிட்டேன். நடந்தது இவ்வளவுதான். வேறு யாரிடம் சொன்னாலும், அரிசிக்கடைக்காரன் சோற்றுப்பானைக்காகச் சண்டை போட்டான் என்று சிரிப்பார்கள். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் வந்தது காப்பி வாசம். நீ இருந்தவரை நம் வீட்டில் காலையில் எழாத வாசம் அது. முகம் கழுவிவிட்டு உள்ளே போனால், பெரியவளும் சின்னவனும் ஆளுக்கொரு டம்ளரை ஏந்திக்கொண்டு, மீசை வைத்ததுபோல் நுரையோடு நின்றார்கள். கூடவே முறுக்கு. உன் காரியம் முடிந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒத்தாசைக்கு என்று அக்கா முந்தின நாள்தான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். மாமா போனபிறகு தனியாகக் கிடக்கிறவள், பெற்ற பிள்ளையும் இல்லை. முதல் நாளே வாயைத் திறக்கவேண்டாம் என்று கடைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் திரும்பி வந்தால் தெருமுனையிலேயே சத்தம். சின்னவன் முன்னால் ஓடுகிறான், அக்கா கிண்ணத்தோடு பின்னால் ஓடுகிறாள்.

"ஒரே ஒரு வாய்டா ராசா! வாங்கிக்கிட்டா பால்கோவா தாரேன். இல்லாட்டி பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்!"

கிண்ணத்தில் மில்லில் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, மேலே நெய். அதுவும் நம் கடையின் முதல்தரம். வாசலில் பெரியவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அத்தை உலக்கையப் பரண்ல போட்டுட்டாக" என்றாள்.

அந்த வெள்ளைச் சோற்றைப் பார்த்ததும் நீ போட்ட சண்டைதான் நினைவுக்கு வந்தது. வன்னியம்பட்டியிலிருந்து தலைச்சுமையாய் நெல் கொண்டுவந்து விற்றவன் நான். ராஜபாளையத்தில் கடை போட்டு, நம் சரக்குக்குப் பேர் வந்த வருஷம், இனி நம் வீட்டில் மல்லிகைப்பூப் போன்ற சோறுதான் என்றேன். அரிசி வியாபாரி வீட்டுச் சோறுதான் அவன் கடைக்குப் பெயர்ப்பலகை என்பது என் எண்ணம். நீயும் சரி என்றுதான் வடித்தாய். கொஞ்ச நாளில் சின்னவனுக்குக் கடைவாய் வெடித்தது. கால் சூம்பி, எதற்கெடுத்தாலும் சிணுங்கி, சோற்றைக் கண்டாலே ஓடினான். நீயும் அன்று இதே தெருவில் கிண்ணத்தோடு ஓடினவள்தான்.

ஒருநாள் தொழுவத்தின் முன்னால் என்னை நிறுத்தினாய்.

"மாட்டைப் பாருங்க. பிறகு மகனைப் பாருங்க. யாரு தெம்பா இருக்கா?"

"என்ன பேச்சு இது?"

"தவிட்டையெல்லாம் மாட்டுக்குப் போட்டுட்டு, மிச்சத்த எம்பிள்ளைக்குக் கொண்டு வாரீக. பெரிய யாவாரி!"

மறுநாளே உரலைக் கழுவினாய். கைக்குத்தல் அரிசி வந்தது. ஒரு வேளை கம்மஞ்சோறு, ஒரு வேளை கேப்பைக்கூழ், மோர். கொல்லை முருங்கையில் கீரை உருவாத நாள் குறைவு. சாயங்காலம் முறுக்குக்குப் பதில் அவித்த தட்டாம்பயறு, இல்லாவிட்டால் நிலக்கடலையும் ஒரு கடி கருப்பட்டியும். வத்திராயிருப்பு மாம்பழம் வரும் காலத்தில் வயிறு நிறையப் பழம். இதில் எதுவும் கடையில் தேடி அலைகிற சரக்கு இல்லை, விலை கூடினதும் இல்லை.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்தாய். கிண்ணத்தோடு ஓடுவதை நிறுத்தினாய். "பசிச்ச பிள்ளைய யாரும் துரத்த வேண்டாம். நீங்க மட்டும் மத்தியானம் வீட்டுக்கு வந்து அதுகளோட உக்காந்து சாப்பிடுங்க" என்றாய். வியாபார நேரத்தில் எப்படி வருவது என்று முறைத்தேன். "அப்ப உங்க தட்டுல என்ன இருக்குன்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்றாய். வந்தேன். ஒரே பானையிலிருந்து எல்லாருக்கும் விழுந்தது. முதல் நாள் சின்னவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். நீ கூப்பிடவில்லை, திட்டவில்லை, பதிலுக்குப் பலகாரமும் நீட்டவில்லை. பொழுது சாய்வதற்குள் தானாக வந்து, "அம்மா, அந்தக் கீரை இருக்கா?" என்றான். ஆடி போய்த் தை வருவதற்குள் சுவரேறிக் குதித்தான். வாய்ப்புண் போன இடம் தெரியவில்லை.

ஊர் சும்மா இருந்ததா? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மொத்தமாகச் சரக்கெடுக்க வந்த வியாபாரி நம் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தார். நீ கூசாமல் கம்மஞ்சோறு பரிமாறினாய். அவர் இலையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன முதலாளி, கடை அரிசிய நீங்களே நம்பலையா?" என்றார். கதவுக்குப் பின்னால் உன் வளையல் சத்தம் நின்றுபோனது. "விக்கிறது கடையில இருக்கு, திங்கிறது இங்க இருக்கு. ரெண்டையும் ருசி பாத்துட்டுப் போங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சரக்கும் எடுத்தார். எடுக்காமல் போயிருந்தாலும் நான் இலையை மாற்றியிருக்க மாட்டேன்.

நேற்றும் அப்படித்தான் நின்றேன். பரணிலிருந்து உலக்கையை நானே இறக்கிச் சுவரில் சாத்தினேன். அக்கா கிண்ணத்தைத் தரையில் நங்கென்று வைத்தாள்.

"ஏலே, நாம குடிச்ச கூழு போதாதா? பசிக்கு எம்புட்டு அழுதிருப்போம்! அரிசி மூட்டைய அடுக்கி வச்சிருக்கவன் பிள்ளைக்குக் கம்பா?"

"கூழு குடிச்சதால நாம அழல அக்கா. அதுகூட மறுவேளைக்கு இல்லாமத்தான் அழுதோம்."

அவள் விடவில்லை. சொல்லக்கூடாததைச் சொன்னாள்.

"அம்புட்டுக் கீரையும் கம்பும் தின்னவ நிலைச்சாளா? சொல்லுலே!"

பிள்ளைகள் இரண்டும் அங்கேயே நின்றன. இதைத்தான் உன் காரியத்துக்கு வந்த பாதிப் பேர் காதோடு காதாகப் பேசினார்கள். பேசட்டும் என்று அன்று விட்டேன். பிள்ளைகள் காதில் அது விழுந்தபிறகு விடமுடியாது.

"அவளக் கொண்டுபோன காய்ச்சல் அடுப்படியில என்ன வேகுதுன்னு எட்டிப் பாத்துட்டா வருது? நெய்ச்சோறு தின்ன வீட்டுலயும் பாடை எழும்பிச்சு. அவ சாகாம இருக்கணும்னு கம்பு குத்தல. பிள்ளைக எந்திரிச்சு நடக்கணும்னு குத்தினா. அந்தா நிக்கிதுக, பாரு."

"அப்பப் பிள்ளைகள என்கூட அனுப்பு. நான் கொண்டுபோயி வளத்துக்கிறேன்."

"அனுப்ப மாட்டேன்."

"அப்ப ரெண்டாந்தாரமாவது கட்டு. ஆம்பள எப்படிலே வளப்ப?"

"குத்தத் தெரியும், வடிக்கத் தெரியும். தெரியாததைக் கத்துக்கிறேன். கட்ட மாட்டேன்."

அக்கா மூட்டையைக் கட்டினாள். வாசல்வரை போய் நின்றாள். சின்னவன் அவள் பின்கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, போகாத" என்றான். அவள் அப்படியே படியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு பிள்ளை தன் கையிலிருந்து வாங்கி ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்க்கவேண்டும் என்று இத்தனை வருஷமாய்க் காத்திருந்தவள் அவள். அதற்காக நான் இறங்கிவரவில்லை. ஆனால் குரலைத் தணித்துப் பேரம் பேசினேன்.

நீ பயப்பட வேண்டாம். உன் அடுப்படி விலைபோகவில்லை. நீ வைத்த முறையை, உன்னைத் திட்டினவர்கள் முன்னால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். யார் சிரித்தாலும் நாளைக்கும் நம் வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்கும். குத்தப்போவது நானாக இருந்தாலும் கேட்கும்.

பேசி முடித்தது இதுதான். அக்கா இங்கேயே இருப்பாள். காப்பி அவளுக்கு மட்டும். பானை ஒன்று, அவளும் கடைசியில் மிச்சத்தைத் தின்னாமல் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும். உன்னைப் பற்றி அந்தப் பேச்சு இனி இந்த வீட்டில் எழக்கூடாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தான் விரும்பியதைச் சமைத்து, பிள்ளைகள் இரண்டுக்கும் தன் கையால் ஊட்டுவாள். அன்று மத்தியானம் நான் வீட்டுப் பக்கம் வரக்கூடாது. சரி என்றேன்.