தண்ணீருக்கும் நீலம்

ஜூன் 12, 2008, வியாழன்

பெங்களூர் ஆய்வகத்தார் சோதித்துப் பார்க்கத் தந்த, தங்க நுண்துகள் பூசிய ஸ்ட்ரிப்பை இன்று அஞ்செட்டியிலிருந்து எங்கள் பால் நிலையத்துக்கு வந்த பாலில் நனைத்தேன். கெட்ட கிருமி இருந்தால் அதன் சிவப்பு நிறம் நீலமாகும். நீலமானது. டேங்கரை நிறுத்தச் சொன்னேன்.

மேனேஜர் இன்னொரு ஸ்ட்ரிப்பைக் குழாயடியில் பிடித்தார். அதுவும் நீலம்.

"பாரும்மா, வெறும் தண்ணிக்கே நீலமாவுது. ஸ்ட்ரிப்புதான் கெட்டுப்போச்சு. வண்டிய அனுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டேன்.

ஓசூர் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ஸ்ட்ரிப் கெடவில்லை என்றால்? பால் கேன்களை அந்தத் தண்ணீரில்தான் கழுவுகிறோம். குடிப்பதும் அதைத்தான்.

வீட்டுத் தண்ணீர் உப்பென்று நேற்று அதே குழாயில் பிடித்து வந்த பாட்டில் மேஜைமேல் இருக்கிறது. பாதிதான் மிச்சம். நான் அதைத் திறக்கவே இல்லை.

பாப்பா தூங்குகிறாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை வரவில்லை.