ஒரு குறையும் இல்லை என்றேன்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இருமல்கூட அடங்கிவிட்டது, உனக்கும் அங்கே காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ பாதியில் விடும்மா என்பாய், நானும் சாக்கு கிடைத்ததென்று விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கட்டடத்து லிப்ட் நின்று ஆறு மாதம் ஆகிறது. வீட்டு வசதி வாரியமும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து வாரியக் குடியிருப்புகளைப் பழுதுபார்க்க மானியம் தருகிறார்கள் என்று தெரிந்ததும், குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்று நான்தான் மனு எழுதினேன். நேரில் பார்க்க ஆள் வருவதாகப் பதில் வந்தது, அங்கேதான் என் புத்தி கெட்டது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கறை தேடிய கண்ணாயிற்றே. வீடு வீடாகப் போய் விரட்டிப் படிக்கட்டைக் கழுவ வைத்தேன், ஒழுகும் சுவரில் பெரிய காலண்டரை மாட்டினேன், லிப்டில் தொங்கிய ‘பழுது’ அட்டையைக்கூட அசிங்கமாக இருக்கிறதென்று கழற்றிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே என்று உன் அப்பா சிரித்தார், அப்போதும் உறைக்கவில்லை. வந்த அம்மாள் நல்ல மாதிரி, லிப்ட் இல்லாமல் சிரமமாக இருக்குமே என்று அவரே எடுத்துக் கொடுத்தார். “ஒரு குறையும் இல்லைங்க, ஏறி இறங்கினா உடம்புக்கு நல்லதுதானே” என்று சொல்லிவிட்டேன். நாலாம் மாடித் தையல்காரி, உன் பள்ளிச் சீருடையெல்லாம் தைத்தவள், இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கீழே இறங்கவே இல்லை. பார்க்க வருகிறவரை உன் வீட்டுக்குக் கூட்டிவருகிறேன் என்று முதல் நாளே அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அங்கே கூரை ஒழுகும், துணி குவிந்து கிடக்கும், வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நம் வீட்டிலேயே தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

முந்தாநாள் கடிதம் வந்தது. கட்டடம் நன்றாகப் பராமரிக்கப்படுகிறதாம், பாராட்டுகளாம், மானியம் அதிகத் தேவையுள்ள பக்கத்துக் கட்டடத்துக்காம். மேலே ஏறிப் போய்த் தையல்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. “தலை வாரிக்கிட்டு, கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேங்கா” என்றாள். இதை எழுதும்போதும் எனக்கு முகம் எரிகிறது. நீ படிக்கிற காலத்தில் தோழிகள் வண்டியில் கொண்டுவிட்டால் மெயின் ரோட்டிலேயே இறங்கிக்கொள் என்று பழக்கியவளும் நான்தானே. நம்ம வீடு என்னம்மா தப்பு செய்தது என்று ஒருநாள் கேட்டாய், அதட்டி வாயை அடைத்தேன். அந்த வெட்கத்தைத்தான் இப்போது அவள் தலையில் கட்டிவிட்டேன். மறுபடி மனுப் போடப் பதினைந்து நாள் அவகாசம் இருக்கிறது. அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றுதான் முதல் வரியே எழுதியிருக்கிறேன். காலண்டரைக் கழற்றிப் படம் எடுத்தாயிற்று, தையல்காரி முதல் கையெழுத்துப் போட்டாள். கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, நீ எந்தக் குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்று மறக்காதே, பதிலை வழக்கம்போல் அப்பாவின் கடை முகவரிக்குப் போடாதே. இத்தனை வருஷம் உன்னை உறைமேல் எழுத விடாத முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன், அதற்கே போடு.

உன் அம்மா,
வீட்டு எண் 17, இரண்டாம் மாடி,
வாரியக் குடியிருப்பு.