குட்டி எங்கும் போகவில்லை

நைட் டியூட்டி முடிந்து வந்து அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை. அடுப்பில் சூப் இருக்கிறது. உப்பு போட்டுவிட்டேன், நீயும் போட்டுவிடாதே. பின்கதவுச் சாவி ஜன்னலோரம்.

இன்று மதியம் அக்கா வந்து குட்டியைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் நீ நொந்து போகிறாயே என்றுதான், "கொஞ்ச நாள் அக்காகிட்ட இருக்கட்டுமா?" என்று கேட்டேன். நீ உடனே "சரி" என்றாய். இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாளே என்று எனக்குக் கோபம். அதனால்தான் இந்த வாரம் முழுவதும் உர்ரென்று இருந்தேன்.

காலையில் பல் தேய்த்துவிடும்போது குட்டி சொல்கிறாள்: "அம்மா என் பையை அடுக்கும்போது அழுதாங்க. அப்பா பாவம், சொல்லாதேன்னாங்க."

குட்டியை அனுப்பவில்லை என்று சொல்ல அக்காவுக்குத் தயங்கித் தயங்கிப் போன் போட்டேன். "அப்பாடா! எனக்கே இங்க ரெண்டு வாலு. நீங்க படற பாட்டைப் பார்த்து மனசு கேக்காமதான்டா சரின்னேன்" என்றாள்.

மூன்று பேருக்கும் பிடிக்காத ஒன்றுக்கு மூன்று பேரும் தலையாட்டியிருக்கிறோம். குட்டியை யாரும் கேட்கவே இல்லை.

பையைப் பிரித்துவிடு. குட்டியைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கிடங்குக்குப் போகிறேன். கூட்டிவர நீதான் போகவேண்டும்.

பி.கு: நாளைக்கும் இதே ஓட்டம்தான், தெரியும். ஆனால் இனிமேல் எனக்காகச் சரி என்று சொல்லாதே. பிடிக்காவிட்டால் சண்டை போடு. அதற்கும் தெம்பில்லாவிட்டால், அதையாவது சொல்.