தோஹா வழியாகப் போகிறேன், மல்லிகாக்கா

என் மல்லிகாக்காவுக்கு,

நாளைக்குப் பயணம். பெட்டியைப் பூட்டிக் கதவோரம் நிறுத்தியாயிற்று. அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிறாள். உன்னிடம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

நீ எங்களை விட்டுப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். மண்ணைப் பற்றிப் படிக்கிறேன். மழை பெய்தால் நம் மலை ஏன் சரிகிறது என்று கேட்டால் இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். பின்லாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், பரிமாற்ற மாணவியாக ஒரு பருவம் வந்து படிக்க எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டது. அந்த ஒருவர் நான்தான், அக்கா!

விசா கையில் வந்ததும் டிக்கெட் போடப் பதுளைக்குப் போனேன். கடைத்தெருவில் ரிஸ்வான் நானா சின்னதாக ஒரு டிக்கெட் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ரெண்டு வழி இருக்கு மகள். தோஹா வழியா போனா ஒரு தடவ மாறினா போதும். சிங்கப்பூர் வழியா போனா நல்லா சுத்தும்."

"தோஹா வேணாம் நானா" என்றேன்.

ஏன் என்று கேட்டார். நான் என்ன சொல்ல? நீ வேலைக்குப் போன ஊர் அது. யாரோ ஒருவர் வீட்டில் சமைத்து, துவைத்து, அவர்கள் பிள்ளையைத் தூக்கி வளர்த்து நான்கு வருடம் இருந்தாய். சிறுநீரகம் கெட்டுத் திரும்பி வந்தாய். பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்து கண்ணை மூடினாய். அதன் பிறகு நம் வீட்டில் அந்த ஊரின் பெயரை யாரும் சொல்வதில்லை. டீவியில் வந்தால்கூட அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள்.

நானா வற்புறுத்தவில்லை. "அவசரமில்ல. அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க" என்றார்.

அன்று சாயங்காலம், தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மா முகம் கழுவிக்கொண்டிருந்தபோது நானா காட்டிய இரண்டு வழியையும் சொன்னேன். சிங்கப்பூர் வழியாகவே போய்விடுகிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அம்மா ஈர முகத்தைத் துடைக்காமல் அப்படியே நின்றாள்.

"ஏன் புள்ள, அந்த இன்னொரு பிளேனு அவ இருந்த ஊருலயா நிக்கும்?"

"ஆமாம்மா."

"அப்ப அதுலயே போ." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாலு வருஷம் எம்புள்ள பொழங்குன ஊரு. நம்ம யாருமே கண்ணால பாக்கல. நீயாச்சும் பாத்துட்டு வந்து சொல்லு."

அந்த ஊரை அம்மா வெறுப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் அதைப் பார்க்க முடியாமல்தான் தவித்தாளா?

மறுநாள் அவளும் என்னோடு பதுளைக்கு வந்தாள். தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு, நானாவின் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஜன்னலோரமா போட்டுருங்க மொதலாளி. மேலேருந்து பாத்தா வீடெல்லாம் தெரியுமா?"

"எறங்குற நேரம் நல்லா தெரியும்மா. பகல்லதான் போய் எறங்குது. கடலும் தெரியும்."

அப்புறம் நானா என் குடும்பப் பெயர் எது என்று கேட்டார். எங்கள் யாருக்கும் அப்படி ஒன்று இல்லையே. பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பாவின் பெயரைத்தான் அந்த இடத்தில் போட்டார். டிக்கெட்டில் 'பெருமாள்' முன்னால் நின்றது, 'சுகந்தி' பின்னால். "லுணுகலை டவுன தாண்டாத மனுசன், இப்ப முன்னுக்கு ஏறி ஒக்காந்திருக்காரு பாரு!" என்று அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாளாயிற்று, அக்கா.

குளிருக்கு வேண்டிய ஜாக்கெட்டைப் பண்டாரவளையில் பழைய உடுப்பு விற்கும் கடையில் வாங்கினோம். அம்மா அதை முதலில் தானே போட்டுப் பார்த்து, இதோடு மலைக்குப் போனால் அட்டைகூடக் கடிக்காது என்றாள்.

பெட்டி எடை கூடிவிடுமோ என்று எனக்குப் பயம். அம்மா யோசிக்கவே இல்லை. ஒரு கைப்பிடியை அவள் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடிக்க, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே தூக்கிக்கொண்டு போனோம். பெண்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"கணக்கப்புள்ள, ஈரத்துக்கு எத்தன கிலோ வெட்டப் போறீங்க?" என்று ஒருத்தி கேட்க, மடுவமே சிரிப்பில் அதிர்ந்தது. கொழுந்து ஈரமென்று தினமும் எடையில் கழிக்கிறவர் அவர்தானே. அவரும் சிரித்துக்கொண்டே, "இதுக்கு ஒண்ணும் வெட்டுறதில்ல, தாராளமா போயிட்டு வரட்டும்" என்றார். எடை சரியாகவே இருந்தது. மிளகாய்த்தூளை எடுத்து வெளியே வைக்க வேண்டியிருக்கவில்லை.

உன்னை அனுப்பிய ஏஜென்சிக்காரனின் வான் வண்டியில் அம்மாவுக்கு இடம் இல்லை என்றார்கள். பதுளை பஸ் ஸ்டாண்டில் நின்று கையசைத்ததோடு சரி. இந்த முறை கங்காணியிடம் அவளே போய் லீவு கேட்டாள். "எம்மகள நானே கட்டுநாயக்கா ஏர்போட்டுல ஏத்திவிடணும்" என்றாளாம். காலை ரயிலில் இருவரும் கொழும்புக்குப் போகிறோம்.

பிளேனில் என்ன செய்ய வேண்டும், பையில் எதை வைக்கக்கூடாது, எந்த வாசலில் மாற வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் கூட்டம் வைத்துச் சொல்லித் தந்தார்கள். போனில் வீடியோவும் பார்த்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு யார் சொன்னார்கள், அக்கா?

லீவில் வந்திருந்தபோது ஒருநாள் எனக்குத் தலை சீவிவிட்டபடி சொன்னாய். முதல் தடவை பிளேனில் போனபோது தட்டில் சாப்பாடு கொண்டுவந்து நீட்டினார்களாம். காசு கேட்பார்களோ என்று பயந்து, பசிக்கவில்லை என்று கையசைத்துவிட்டாயாம். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சாப்பிட, நீ தண்ணீர்கூடக் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டே போய் இறங்கினாயாம். அதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன்.

தோஹா போகிற பிளேனில் நாளை மறுநாளும் அப்படி யாராவது ஒருத்தி இருப்பாள். மடுல்சீமையிலிருந்தோ, வேறெங்கிருந்தோ, பையை மடியில் இறுக்கிக்கொண்டு. நான் ஜன்னலைப் பார்ப்பதற்கு முன்னால் அவளைப் பார்ப்பேன். பெல்ட்டை மாட்டக் காட்டித் தருவேன். சாப்பாடு வரும்போது, "வாங்கிக்கோங்கக்கா, காசில்ல, நமக்குத்தான்" என்று சொல்வேன். அவள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நான் சாப்பிடுவேன். இது சத்தியம்.

நீ தலை சீவிவிட்ட உன் தங்கச்சி,
சுகந்தி