ஊமைக் கிட்டாருக்கு ஒரு ரேடியோ

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். முக்கால் நலம் என்று வைத்துக்கொள். கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஜெனரேட்டருக்குத்தான் எல்லாம் ஊட்டுகிறாயா?

போன தடவை துறைமுகத்திலிருந்து நீ போன் செய்தபோது காற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசினாய். ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று நான் ரிசீவரைத் தட்டிக்கொண்டிருந்தேன். சட்டென்று "சரிக்கா, லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன்மேல் கோபம் இல்லை. குரல்வளையை எடுத்துவிட்ட அக்காவிடம் போனில் என்னதான் பேசுவாய்? அதனால்தான் கடிதம்.

புண் ஆறிவிட்டது. கழுத்துத் துளை வழியாக மூச்சு விடுவதும் பழகிவிட்டது. இனி தண்ணீரில் இறங்கக் கூடாது என்கிறார் டாக்டர். இறங்கினால் அந்தத் துளை வழியே தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடுமாம். நீச்சல் டீச்சருக்கு இது எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப் பார். விசில் ஊதலாம் என்றால் வாய்வழியே காற்று வராது. தலைமையாசிரியை நல்லவர். "டீச்சர், நீங்க வந்து உக்காந்தா போதும்" என்று பள்ளி நீச்சல் குளத்துக்குப் பக்கத்துச் சாமான் அறையைக் கொடுத்திருக்கிறார். துண்டும் மிதவைப் பலகையும் எடுத்துக் கொடுக்கிறேன். குழந்தைகள் என்னிடம் ரகசியம் பேசுவது போலப் பேசுகிறார்கள். காது போகவில்லை, தொண்டைதான் போனது என்று யார் சொல்வது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு இசைக்கருவிக் கடையில் சிவப்பாக ஒரு எலக்ட்ரிக் கிட்டார் தொங்கியது. கடைக்காரர், "ஆம்ப் இல்லாம இது ஊமைங்க. வாங்கி என்ன பண்ணப்போறீங்க?" என்றார். உன் அத்தான் அவரை முறைத்த முறையைப் பார்க்க வேண்டுமே! நான் சிலேட்டை எடுத்து "இதையே கொடுங்கள்" என்று எழுதிக் காட்டினேன்.

கீழ்வீட்டுத் தையற்காரர் வீடு மாறும்போது படிக்கட்டில் ஒரு பெரிய மர ரேடியோவை விட்டுப் போனார். உள்ளே கண்ணாடிக் குழல்கள் எரியும் பழைய வால்வு ரேடியோ. அதற்குள்ளும் ஒலியைப் பெருக்கும் ஒரு ஆம்ப் இருக்கிறதாமே? அதை இந்தக் கிட்டாருக்கு எப்படி மாற்றுவது? எழுது.

அன்புடன்
அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் துறைமுகத்தில் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது. நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் இளைத்திருப்பதாகச் சமையற்காரர் சொல்கிறார். அவர் சமையலைச் சாப்பிட்டுவிட்டு அவரே அப்படிச் சொல்கிறார்.

அக்கா, அந்த ரேடியோவைத் தொடாதே. காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். சில பழைய ரேடியோக்களில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சுவரிலிருந்து வரும் கரண்ட் நேரே உள்ளே இருக்கும் தகரத் தட்டில் நிற்கும். மரப்பெட்டி மூடியிருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது. கிட்டாரை அதோடு இணைத்தால் அந்தக் கரண்ட் கிட்டார் கம்பிக்கு வரும். கம்பியிலிருந்து உன் விரலுக்கு. இப்படி இணைத்துப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்வதைவிட, தெரிந்திருந்தது என்பதுதான் சரி.

நான் வரும்வரை பொறு. வரும்போது கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் மின்கருவி ஒன்று வாங்கி வருகிறேன். விசாரித்துவிட்டேன். கிட்டார் எங்கே ஓடிப்போகிறது?

அத்தானுக்கு என் வணக்கம். பஸ்ஸை மெதுவாக ஓட்டச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

அந்தக் கருவியை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். தகர டப்பாவுக்குள் தேனீ மாட்டிக்கொண்டது போல ஒரு பேச்சு. நல்ல கருவிதான், எத்தனையோ பேருக்கு உதவுகிறது. நான்தான் அதை வைத்துவிட்டு வந்தேன்.

"நான் வரும்வரை பொறு" என்று எழுதியிருக்கிறாய். எப்போது வருவாய் என்று எழுதவில்லை. எனக்கு ஆபரேஷன் ஆன பிறகு உன் கப்பல் இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போனது. செய்தித்தாளில் பார்த்தேன். வா என்று நான் கெஞ்சவில்லை. ஆனால் வராமல் இருந்துகொண்டு "தொடாதே" என்று மட்டும் சொல்லாதே.

நேற்று பின்பலகையைக் கழற்றிவிட்டேன். பிளக் சுவரில் இல்லை, பயப்படாதே. உள்ளே ஒரு ஊரே இருக்கிறது! கண்ணாடிக் கோபுரங்கள், தெருவிளக்குக் கம்பி மாதிரி வயர்கள், எல்லாவற்றின் மேலும் பஞ்சு போலத் தூசி. உன் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம பஸ் இன்ஜினே தேவலை" என்றார்.

சாகாமல் செய்வது எப்படி என்று எழுது. நீ எழுதாவிட்டாலும் செய்வேன்.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியது உண்மை. கப்பல் வந்தது, நான் இறங்கவில்லை. காரணத்தை நேரில் சொல்கிறேன், எழுத வரவில்லை. இந்தக் கடிதம் ரேடியோவுக்கு மட்டும்.

முதலில், பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரேடியோ சுவிட்சை ஆன் நிலையில் வை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, அதன் ஒரு முனையை பிளக்கின் காலிலும் மறுமுனையைத் தகரத் தட்டிலும் வை. பிளக்கின் இரண்டு கால்களையும் இப்படிப் பார். மீட்டரின் முள் அசையக் கூடாது. அசைந்தால் ரேடியோவைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு எனக்கு எழுது. அசையாமல், உள்ளே செங்கல் மாதிரி கனமான டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம்.

பழைய கண்டென்சர்களை நம்பாதே. எல்லாவற்றையும் புதிதாக மாற்று. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும். பின்பக்க வரைபடத்தில் காட்டியபடி ரெசிஸ்டரை வைத்து அதை வடித்துவிடு. மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கையை வை. எப்போதும் ஒரு கை மட்டும் உள்ளே, மறு கை பைக்குள். எங்கள் எலக்ட்ரிஷியன் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

பழைய வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று கம்பி வயர் போடு. எர்த் கம்பி தகரத் தட்டில் இறுக்கமாக இருக்க வேண்டும். ரேடியோவின் முதுகில் ரெக்கார்டு பிளேயர் சொருகும் துளை இருக்கும். கிட்டார் அங்கேதான் உள்ளே போகும். ஆனால் கிட்டாரின் ஒலி மிகச் சன்னம், ஒரு வால்வு போதாது. நிலையங்களைப் பிடித்துக்கொண்டிருந்த வால்வுக்கு இனி வேலை இல்லை. அதைக் கிட்டாரைப் பெருக்கும் வேலைக்கு மாற்றலாம். எப்படி என்று பின்பக்கம் வரைந்திருக்கிறேன். உள்ளே வரும் வயர், மேலே கம்பி வலை சுற்றிய ஷீல்டு வயராக இருக்கட்டும். சாதா வயர் போடாதே. பவர் கொடுப்பதற்கு முன் யாராவது ரேடியோ மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடு. இது ஒன்றையாவது கேள்.

பயந்துகொண்டே
உன் தம்பி


ஜூன் 11

என் செல்லத் தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

முள் அசையவில்லை. செங்கல்லும் இருந்தது. "மறு கை பைக்குள்" என்று எழுதியிருந்தாய். என் உடுப்பில் பை ஏது? உன் அத்தானின் டிரைவர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் உன் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பார், நான் ஈயத்தை உருக்கி வயரை ஒட்டுவேன். "சிவப்பு வயராம்மா, காவி வயராம்மா?" என்பார். அந்தத் தூசியில் எல்லாமே காவிதான். மேஜைவிரிப்பில் ஒரு ஓட்டை விழுந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

கடைத்தெரு மெக்கானிக் ஒரு பெண். தலைகீழாகப் புரட்டிப் பார்த்து, எர்த் கம்பியை இழுத்துப் பார்த்து, ஒரே ஒரு இணைப்பை மட்டும் திரும்ப வைத்துக் கொடுத்தாள். "யார் செஞ்சது?" என்றாள். உன் அத்தான் என்னைக் காட்டினார். முகத்தில் அவ்வளவு பெருமை!

ஞாயிற்றுக்கிழமை காலை. சுவிட்சைப் போட்டோம். ஒன்றும் இல்லை. "போச்சு" என்றார். நான் கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். வால்வுக்குள் செந்நிறமாய் ஒரு இழை மெல்ல விழித்தது. முகப்புக் கண்ணாடியில் வரிசையாக எழுதியிருந்த ஊர்ப் பெயர்களின்மேல் மஞ்சள் வெளிச்சம் படர்ந்தது. ம்ம்ம் என்று ஒரு உறுமல். பிறகு, ஒரு ஆண் குரல், "பிற்பகலில் லேசான தூறல் இருக்கலாம்" என்றது!

உன் அத்தான் எழுந்தே நின்றுவிட்டார். "உன் கிட்டார் வானிலை சொல்லுதும்மா!" தப்பு என்னுடையதுதான். ஷீல்டு வயர் வாங்கும்வரை பொறுக்காமல் சாதா வயர் போட்டிருந்தேன். அது ஏரியலாகி எங்கிருந்தோ ஒரு நிலையத்தைப் பிடித்துவிட்டது. அணைத்து, வடித்து, பூஜ்யம் பார்த்து, அவர் ஓடிப்போய் வாங்கி வந்த வயரை மாற்றி, மறுபடி போட்டோம். இந்தத் தடவை உறுமல்கூட இல்லை. ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல ஒரு அமைதி.

தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை தட்டினேன்.

தம்பி, எப்படிச் சொல்வேன்? அது கிட்டாரிலிருந்து வரவில்லை. அறையிலிருந்து வந்தது. தரையிலிருந்து, என் முழங்காலிலிருந்து, நெஞ்செலும்பிலிருந்து வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாகச் சுழித்தது. மரப்பெட்டிமேல் கையை வைத்தேன். நான் பேசிக்கொண்டிருந்த காலத்தில் தொண்டையில் கை வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படியே வெதுவெதுப்பாகத் துடித்தது. விரலை அழுத்தினால் கத்தியது. மெல்லத் தொட்டால் முணுமுணுத்தது. நான் கோபப்பட்டால் அதற்குத் தெரிந்தது!

உன் அத்தான் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே, "இன்னொரு தடவை கூப்பிடு" என்றார். வாசி என்று சொல்லவில்லை, தம்பி. கூப்பிடு என்றார்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

மூச்சு விடாமல் ஒரு செய்தி சொல்கிறேன். இப்போது எனக்கு அது சுலபம் என்று நீ கிண்டல் செய்யலாம்.

ரேடியோவைக் குளத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். கத்தாதே! தண்ணீர்ப் பக்கம் வைக்கவில்லை. குளத்தைப் பார்த்தபடி மேலே ஒரு கண்ணாடி அறை உண்டு, காய்ந்த மரத்தரை. பள்ளி எலக்ட்ரிஷியன் வந்து பார்த்து, கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சு ஒன்றும் போட்டுக் கொடுத்தார். கிட்டாரும் நானும் ரேடியோவும் உள்ளேதான். ஜன்னல் மட்டும் திறந்திருக்கும்.

தலைமையாசிரியை முன்பே ஒரு மின்சார மணி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். மணிக்கு ஒரு வார்த்தைதானே தெரியும்? நான் சிலேட்டில் "ஒரே ஒரு காலை வேளை மட்டும்" என்று எழுதிக் கேட்டேன்.

குழந்தைகள் மேடையில் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். இது என்ன கூத்து என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டார்கள். நான் கீழ்க்கம்பியில் ஒன்று போட்டேன், "தயார்" என்பது போல. குளத்துக் கூரை அந்த ஒலியை எடுத்துத் தண்ணீர்மேல் போட்டது, தண்ணீர் திருப்பிக் கூரைக்குக் கொடுத்தது. சிரிப்பெல்லாம் நின்றது. முதுகுகள் இறுகியதை மேலேயிருந்து பார்த்தேன். மேல்கம்பியைச் சுண்டினேன்.

எல்லாரும் பாய்ந்தார்கள், தம்பி. அத்தனை பேரும், ஒரே உடம்பு போல. என் விரல் அசைந்தது, அங்கே தண்ணீர் வெடித்தது. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னேன், கேட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இந்த உலகத்தில் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

இப்போது "காலை நீட்டு" என்பதற்கு ஒரு ஒலி, "தலையைத் தூக்காதே" என்பதற்கு ஒன்று. நடுவில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் சோம்பேறிகளுக்கு ஒரு தனி உறுமல் இருக்கிறது. அதற்கு எல்லாரும் நடுங்குகிறார்கள். துண்டு கொடுக்கும் வேலைக்கு வேறு ஆள் தேடுகிறார்கள்.

உன்னால் முடிந்தால் வா. முடியாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். எழுத மாட்டேன். வா.

அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகக் கப்பலுக்கு வந்து சேர்ந்தேன். அத்தான் கட்டிக் கொடுத்ததையெல்லாம் முதல் நாளே தீர்த்துவிட்டேன். சமையற்காரருக்கு வருத்தம்.

நேரில் சொல்கிறேன் என்றேன். வந்து, உன்னோடு இருந்து, சொல்லாமலே திரும்பிவிட்டேன். அக்கா, அன்றைக்குக் கப்பல் நின்றபோது படியில் பாதி இறங்கினேன். வீட்டுக்குள் நுழைந்தால் நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாய் என்று தோன்றியது. அதற்குமேல் கால் நகரவில்லை.

இந்தத் தடவை ரயிலிலிருந்து இறங்கி நேரே குளத்துக்குத்தான் வந்தேன். உன் ரேடியோவைப் பழுது பார்ப்பதுபோல உள்ளே நுழைந்து, இரண்டு இணைப்பைக் குறை சொல்லிவிட்டால் பயம் தெரியாது என்று திட்டம். குழந்தைகள் கரையேறி நின்றார்கள். யாரோ ஒரு புது ஆள் பெட்டியோடு குளத்தின் ஓரத்தில் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நீ. நரை கூடியிருந்தது. கழுத்தில் நீலத் துணி. நீ என்னையே பார்த்தாய். கையசைக்கவில்லை. ஒரு விரலை நீட்டி என்னைக் காட்டினாய்.

கீழ்க்கம்பி. அதை நான் என்ன என்று எழுதுவது? எத்தனையோ மோட்டார்களுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன் நான். சத்தம் எனக்குப் புதிதல்ல. இது சத்தமே இல்லை. அந்த ரேடியோவுக்குள் என்னென்ன இருக்கிறது என்று வரைந்து அனுப்பியவனே நான்தான். நான் வரைந்த எதிலும் இது இல்லை. பெட்டி கையிலிருந்து நழுவியது. முதுகு தானாகக் குனிந்தது.

மேல்கம்பியைச் சுண்டினாய்.

நான் யோசிக்கவேயில்லை, அக்கா. ஷூ காலோடு, கோட்டோடு, சட்டைப்பையில் ரயில் டிக்கெட்டோடு குதித்துவிட்டேன். தண்ணீர் தலைக்குமேல் மூடிய பிறகும் அந்த ஒலி காதுக்குள் நின்றது. மேலே வந்து பார்த்தால் நீ கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாய். கரையில் ஒரு குழந்தை என்னைக் காட்டி இன்னொன்றிடம் சொன்னது: "டீச்சர் கூப்பிட்டாங்க, அதான் வந்துட்டாரு."

உன் தம்பி