ஒன்பது மணிக் குக்கர்

ஆவடி
3 நவம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் நலத்தைக் கேட்கப்போவதில்லை. திட்டி எழுதியிருக்கும் வேகத்தைப் பார்த்தாலே திடமாக இருப்பது தெரிகிறது.

பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடெல்லாம் கேஸ் வாசம் வந்ததை உங்களுக்கு எழுதினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உங்கள் தம்பி இருந்திருந்தால், "எங்க அக்காகிட்ட போயி இதெல்லாமா சொல்லுவே?" என்று தலையில் கைவைத்திருப்பார். நீங்களும் அதையே பிடித்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்துவிடு என்கிறீர்கள்.

இடுப்பில் தகடு வைத்ததிலிருந்து வாக்கர் இல்லாமல் என்னால் நடக்க முடியவில்லை. ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் டாங்கி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அவர் அலைந்து அலைந்து வாங்கிய வீடு இது. படுக்கையிலிருந்தே ரயில் சத்தம் கேட்கும். இதை விட்டு வர எனக்கு மனசில்லை மதினி.

நமக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொள்வோம். சிலிண்டரை மூடிவிட்டேன். தை பிறக்கும்வரை அடுப்பைத் தொடமாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து அரிந்தது, ஊறவைத்தது, பழம், தயிர் என்று பச்சையாகவே சாப்பிடுவேன். தேறினால் இங்கேயே இருப்பேன். தேறாவிட்டால் நானே பெட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பேன். சம்மதமா?

கீழ்வீட்டு ஆட்டோக்காரக் கன்னியப்பன் மகள் பிரசவத்துக்காகக் குடும்பத்தோடு மாங்காடு போயிருக்கிறான். அதனால் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பது காய்க்கார நாகம்மா.

உங்கள்
அகல்யா


பாளையங்கோட்டை
11 நவம்பர் 2024

ஏளா அகல்யா,

உனக்கென்ன கோட்டி பிடித்துவிட்டதா? பச்சைக் காயைக் கடிக்க நீ என்ன முயலா? என் தம்பி உயிரோடிருந்தவரை ஒருவேளை ரசம் சரியில்லை என்றாலும் முகம் சுளிப்பாய். நீயா வேகாததைத் தின்னப்போகிறாய்?

காபிக்கு என்ன வழி? பச்சைப் பாலில் தூளைக் கரைப்பாயோ?

சரி, தைவரை பொறுக்கிறேன். ஆனால் நடுவில் ஏதாவது ஒன்று நடந்தது என்று தெரிந்தால், ஒன்றே ஒன்று, அன்றைக்கே பேச்சு முறிந்தது. நான் புறப்பட்டு வந்து உன்னை அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன்.

இங்கே உனக்குக் கீழேயே அறை இருக்கிறது. லட்சுமணனும் மருமகளும் எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். அதுவரை வீட்டில் நானும் மின்விசிறியும்தான். எனக்குக் காது கேட்காததால் அது ஓடுகிறதா என்றுகூட அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. டேபிளில் மூடி வைத்ததை எடுத்துத் தின்றுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ வந்தால் வசதியாக இருப்பாய்.

தினமும் என்ன சாப்பிட்டாய் என்று எழுது. பொய் எழுதினால் தெரிந்துவிடும்.

கிருஷ்ணப்பிரியா


ஆவடி
24 நவம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

பொய் சொல்ல மாட்டேன். முதல் வாரம் வயிறு படாத பாடு பட்டது. ஆசையில் முளைகட்டிய பயறை ஒரு கிண்ணம் நிறையத் தின்றுவிட்டேன். ராத்திரி முழுக்க உள்ளே யாரோ டாங்கி ஓட்டிப் பார்த்தார்கள். டாக்டரிடம் கேட்டேன். "பயறைக் கையளவுக்குக் குறைங்க, எதையும் நல்லாக் கழுவுங்க, நல்லா மெல்லுங்க" என்றார். இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது.

சமையலறையில் ஒரு வேலையும் இல்லை. எல்லாம் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. அரிவாள்மணையில் இனி உட்கார முடியாது என்று அழுதேனே, கயிற்றை இழுத்தால் காயை நறுக்கும் டப்பா ஒன்று வாங்கினேன். நாலு இழுப்பில் கேரட்டும் வெள்ளரியும் பொடிப்பொடியாகிவிடுகிறது. ஊறிய பாசிப்பருப்பு, எலுமிச்சை, மல்லித்தழை போட்டுப் பிசறினால் கோசுமல்லி. காலையில் தயிரில் ஊறிய அவல், வாழைப்பழம். ராத்திரி ஊறிய நிலக்கடலையும் தேங்காய்க் கீற்றும். இளசான வெண்டைக்காயைப் பச்சையாகக் கடித்திருக்கிறீர்களா? இத்தனை வருஷம் அதை வதக்கி வதக்கிக் கொன்றிருக்கிறோம் மதினி!

இரண்டாம் மாடியிலிருந்து கயிறு கட்டிக் கூடையை இறக்குகிறேன். நாகம்மா அதில் காயை வைத்துவிட்டுத் தெருவே கேட்கக் கத்துகிறாள். "இன்னாம்மா, ஆடு மாறி எல்லாத்தையும் பச்சயா துன்னுகினு கீறே? வகுறு ஒத்துக்குதா?" கத்திவிட்டு, கொசுறாக ஒரு முள்ளங்கியும் போடுகிறாள்.

காபி இல்லாததுதான் குறை. சாயங்காலம் நாலு மணி ஆனால் பக்கத்து வீட்டு டிகாக்‌ஷன் வாசம் வந்து என் மூக்கைப் பிடித்து இழுக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கொய்யாப்பழம் தின்கிறேன்.

உங்கள்
அகல்யா


பாளையங்கோட்டை
5 டிசம்பர் 2024

அன்புள்ள அகல்யா,

நீ எழுதியதை நம்பாமல், சோதித்துப் பார்க்கவே ஒரு வெண்டைக்காயைக் கடித்தேன். பரவாயில்லை. இரண்டாவதும் கடித்தேன். மருமகள் ராத்திரி வந்து, காய் குறைகிறதே என்று தேடினாள். நான் காது கேட்காதவள்தானே, பேசாமல் இருந்துவிட்டேன்.

கோசுமல்லிக்குக் கடுகு தாளிக்க வேண்டாமா? தாளிக்காமல் எப்படி இறங்குகிறது? தேங்காயை உட்கார்ந்தபடி எப்படி உடைக்கிறாய்? விவரமாக எழுது. எத்தனை பக்கம் எழுதினாலும் படிக்க எனக்கு நேரம் இருக்கிறது. தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் வாசலில்தான் இருப்பேன்.

இதனால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைக்காதே. பேச்சு பேச்சுதான்.

கிருஷ்ணப்பிரியா


ஆவடி
19 டிசம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நடுவில் ஏதாவது நடந்தால் பேச்சு முறிந்தது என்று எழுதினீர்கள். நடந்துவிட்டது. வேறு யாரோ சொல்லி நீங்கள் அறியக்கூடாது என்று நானே எழுதுகிறேன். பதறாதீர்கள், எனக்கு ஒரு கீறலும் இல்லை. கதவுக்குத்தான் தாழ்ப்பாள் போய்விட்டது.

கன்னியப்பன் பேரனைப் பார்த்த சந்தோஷத்தோடு மாங்காட்டிலிருந்து முந்தாநாள் ராத்திரி வந்திருக்கிறான். நான் அடுப்பை விட்டது அவனுக்குத் தெரியாது. நேற்றுக் காலை நான் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தத்தில் அவன் தட்டியது காதில் விழவில்லை. திடீரென்று வாசல் கதவு படாரென்று உடைந்தது. "யக்கோவ்! கீறியா?" என்று அலறுகிறான்.

"கீறேன்டா! சோப்பு போட்டுகினு கீறேன், உள்ளே வராதே!" என்று நானும் அலறினேன். நாற்பது வருஷ ஆவடி, அவசரத்தில் அந்தப் பேச்சுதான் வருகிறது.

உடுத்திக்கொண்டு வந்து பார்த்தால் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். "ஏன்டா கதவை உடைச்சே?" என்றேன். "இன்னாக்கா நீ! ஒம்போது மணிக்கு உன் குக்கர் கத்தலன்னா நான் இன்னான்னு நெனிக்கிறது? அண்ணன் போனதுலேர்ந்து தெனம் அது கத்தனப்பறம்தான் ஆட்டோவயே எடுக்கறேன்" என்றான்.

அவர் போனபிறகு இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பருப்பு வைப்பதை ஒருத்தன் கீழே சாவியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவனைத் திட்டிக்கொண்டே நானும் அழுதேன். பிறகு இருவருமாகக் கோசுமல்லி சாப்பிட்டோம். அவன் முழுங்கியதைப் பார்க்க வேண்டுமே, கஷாயம் குடிக்கிற மாதிரி.

தாழ்ப்பாளை அவனே சாயங்காலம் மாற்றிவிட்டான். இனி காலை ஒன்பதுக்கு வாக்கரால் தரையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. இன்று தட்டினேன். கீழேயிருந்து ஆட்டோ கிளம்பியது.

தீர்ப்பை எழுதுங்கள்.

உங்கள்
அகல்யா


பாளையங்கோட்டை
26 டிசம்பர் 2024

அகல்யா,

கதவை உடைக்கிற அளவுக்கு வந்தாயிற்று. இன்றைக்குச் சோப்பு, நாளைக்கு நிஜமாகவே விழுந்து கிடந்தால்? பேச்சு முறிந்தது.

தை இரண்டாம் தேதி ராத்திரி ரயிலில் ஏறி மூன்றாம் தேதி வருகிறேன். ஒரு வாரம் கழித்துத் திரும்புவதற்கு இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. பெட்டியைக் கட்டி வை. பிறந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருப்பது நீ ஒருத்தி.

கிருஷ்ணப்பிரியா


ஆவடி
2 ஜனவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் வருகிறீர்கள் என்றதும் நாகம்மாவிடம் நல்ல வெண்டைக்காய் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் பெட்டி கட்டவில்லை.

கோபப்படாமல் படியுங்கள். உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி வாசித்தேன். எனக்கு ஆள் வேண்டும் என்று எழுதுகிறீர்கள். ஆனால் மத்தியானம் தனியாகச் சாப்பிடுவது நீங்கள். வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள். தபால்காரருக்காகக் காத்திருப்பதும் நீங்கள். என்னைக் கவனிக்கவா மதினி கூப்பிடுகிறீர்கள்?

நான் அங்கே வந்தால் அந்த வாசலை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே எனக்குக் கூடை இருக்கிறது, நாகம்மா இருக்கிறாள், கீழே ஒருத்தன் காது கொடுத்துக்கொண்டிருக்கிறான். இத்தனைக்கும் மேல் ஒரு அறை காலியாக இருக்கிறது. நீங்கள் இங்கேயே இருந்துவிடுங்களேன். உங்களுக்குக் காது கேட்காது, எனக்குக் கால் வராது. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும்.

அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஆனால் நான் வரவில்லை.

உங்கள்
அகல்யா


பாளையங்கோட்டை
9 ஜனவரி 2025

ஏளா அகல்யா,

உனக்கு வாய் நீளம் என்று கல்யாணத்தன்றே என் தம்பியிடம் சொன்னேன். கேட்டானா?

கடிதத்தை லட்சுமணனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தான். பிறகு, "போயிட்டு வாங்கம்மா. மனசு எங்க இருக்கோ அங்க இருங்க. மாசத்துக்கு ஒருக்க நாங்க வாறோம்" என்று என் காதருகில் வந்து சத்தமாகச் சொன்னான். திரும்புகிற டிக்கெட் இரண்டையும் ரத்து செய்துவிட்டான்.

நீ வெண்டைக்காய் கடிக்கிறாயா, வெள்ளைப் பூசணியைக் கடிக்கிறாயா, அது உன் பாடு. மத்தியானத்துக்கு நானும் உன்னோடு சேர்ந்து கடிக்கிறேன். ஆனால் சிலிண்டரைத் திறக்கப்போவது நான். எனக்கு நிற்கக் கால் இருக்கிறது. நாலு மணிக்கு உன் கையில் காபி டம்ளர் இருக்கும். காலையில் எனக்கு ஒரு பிடி பருப்பும் வைத்துக்கொள்வேன். குக்கர் கத்துவது எனக்குக் கேட்காது, நீ கையைக் காட்டினால் அணைக்கிறேன்.

அதற்காக வாக்கர் தட்டுவதை நிறுத்திவிடாதே. தினமும் ஒன்பது மணிக்கு நீயும் தட்டு, என் குக்கரும் கத்தட்டும். மேலே இரண்டு பேர் இருக்கிறோம் என்று கேட்டுவிட்டு கன்னியப்பன் வண்டியை எடுக்கட்டும்.

வந்துகொண்டிருக்கும்
உன் மதினி
கிருஷ்ணப்பிரியா