லாரிச் சக்கரத்தை மோந்து பார்க்கும் நாய்

6.2.84, திங்கள்

தீவனக் கடை மொய்தீன் பாய் இந்த டைரியைச் சும்மா கொடுத்தார். வருஷம் பிறந்து ஒரு மாதம் கழித்துக் கொடுத்தாலும் சும்மா சும்மாதானே. ஏன் கொடுத்தார் என்று வழியெல்லாம் யோசித்தேன். அடுத்த லோடு புண்ணாக்கில் மண் இருந்தால் தெரிந்துவிடும்.

காலையில் வீட்டுக்காரர் லாரியில் பம்பாய் லோடுக்குக் கிளம்பினார். எப்போதும்போல எங்கள் நாய் செவலியின் குட்டிகளைக் கோணியில் போட்டு எடுத்துப் போனார். ஐந்தும் பெட்டை. பெட்டைக்குட்டி என்றால் இந்த ஊரில் யார் கேட்கிறார்கள்? தாவணகெரே பக்கம் ஓட்டலில் விடுவாராம். "தின்னு கொழுத்துக் கெடக்கும் புள்ள, எச்சச்சோறுக்கா அங்க பஞ்சம்" என்றார். செவலி மெயின் ரோடு வரைக்கும் லாரிக்குப் பின்னால் ஓடிப் போய்விட்டு, வெயில் ஏறின பிறகுதான் வந்தது.

26.2.84, ஞாயிறு

லாரி வந்தது. செவலி அவரிடம் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. சக்கரம் சக்கரமாக மோந்து பார்க்கிறது. படியில் கால் வைத்து கேபினுக்குள் ஏறுகிறது. சீட்டுக்கு அடியில் மூஞ்சியை விட்டு ஒரே மோப்பம். அப்புறம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிக் கோழிக் கொட்டகைப் பக்கம் போய்விடுகிறது.

"என்னை எப்பிடித் தேடியிருக்குது பாரு" என்று பல்லைக் காட்டுகிறார் வீட்டுக்காரர் ராசப்பன்.

உங்களையா தேடுது? கேபினில் எவள் ஏறி இறங்கினாள் என்று நாய்க்குத் தெரியும். அதற்கு வாய் இல்லை, அவ்வளவுதான்.

27.2.84

அவர் குளிக்கப் போனபோது கேபினில் ஏறிப் பார்த்தேன். பூ வாசம் இல்லை, வளையல் துண்டு இல்லை, ஒரு கொண்டை ஊசி கூட இல்லை. சீட்டுக்கு அடியில் மடித்து வைத்த பழைய கோணி. அதையும் உதறிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. ஒன்றும் இல்லாததுதான் இன்னும் சந்தேகமாக இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்கிற ஆளா இவர்?

15.3.84, வியாழன்

கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் ஊசி போட கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து புது டாக்டர் வந்தாள். பொம்பளை. ஷஹர்பானு என்று பெயர். அஸ்தம்பட்டியில் வீடாம், இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு கோழியாகப் பிடித்த வேகத்தைப் பார்த்தால் வேலை தெரிந்தவள்தான். அது வேறு விஷயம்.

போகும்போது செவலியின் மடியைப் பார்த்துவிட்டு, "வருஷத்துக்கு ரெண்டு ஈத்தா? கருத்தடை ஆபரேஷன் பண்ணிடலாம்மா. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. மருந்துச் செலவு மட்டும் குடுத்தாப் போதும். ஒரு மணி நேர வேலை. கத்தி பட்டதே தெரியாது" என்றாள்.

கத்தி பட்டதே தெரியாது. இதே வார்த்தை. எட்டு வருஷத்துக்கு முன்னால், எமர்ஜென்சியில், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க ஜீப்பில் வந்தவர்களும் என் தம்பி தங்கமுத்துவிடம் இதைத்தான் சொன்னார்கள். ஒரு பெண் குழந்தையோடு போதும் என்று கையெழுத்து வாங்கி, ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் அந்தக் குழந்தை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் அவன் வீட்டில் தொட்டில் கயிறு விட்டத்தில் தொங்குகிறது, அவிழ்க்க மாட்டேன் என்கிறான்.

"பாக்கலாமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

18.3.84, ஞாயிறு

லீவு நாளில் ஊருக்குப் போகாமல் நாய் வயிற்றை அறுக்க உட்கார்ந்திருக்கிறாளே, ஏன்? கை பழகவா? மேலிடத்துக்குக் கணக்குக் காட்டவா? போகவில்லை.

22.7.84, ஞாயிறு

செவலி சூட்டுக்கு வந்துவிட்டது. எங்கிருந்துதான் வருமோ, சேந்தமங்கலம் ரோட்டில் இருக்கிற கடுவன் நாய் எல்லாம் வேலியைச் சுற்றி நிற்கிறது. செவலியைத் தீவன ரூமில் போட்டுப் பூட்டினேன். அது உள்ளே ஊளை, இதுகள் வெளியே ஊளை. வீட்டுக்காரர் வடக்கே லோடு மாற்றி மாற்றி ஓட்டுகிறார், இப்போதைக்கு வரமாட்டார்.

24.7.84, செவ்வாய்

விடிகிற நேரம். கம்பி வலையைப் பிய்த்துக்கொண்டு நாய்கள் கொட்டகைக்குள் புகுந்துவிட்டன. கடித்தது கொஞ்சம்தான். மிரண்ட கோழியெல்லாம் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி — அடியில் மாட்டினது மூச்சு முட்டியே செத்துவிட்டது. தரையில் பரப்பின கடலைத்தோலுக்குள் கையை விட்டு எடுக்க எடுக்க வருது, வந்துட்டே இருக்குது. ஐயோ, எத்தனை பாடுபட்டு வளர்த்தேன்! உட்கார்ந்து அழுதேன். பூட்டின கதவுக்குப் பின்னாலிருந்து செவலியும் கத்திக்கொண்டே இருந்தது.

25.7.84

பக்கத்துத் தோட்டத்து சென்னியப்ப மாமா வந்தார். அந்தக் கும்பல் அவருடைய கிடாய்க்குட்டி ஒன்றையும் குதறிவிட்டது.

"அம்மிணி, நாயி உன்றது. ஊரு நாயெல்லாம் அதும் பொறத்தாலதான வருது? நானும் எத்தனை தடவை பொறுக்கறது? ஆடிப் பதினெட்டு தாண்டட்டும், நல்ல நாள்ல பாவம் வேண்டாம். மக்யாநாளு கறில மருந்து வெச்சர்றேன். மொதல்ல உன்றதுக்கு."

"கட்டிப் போட்டுட்டனுங்க மாமா."

"எத்தனை நாளைக்குக் கட்டுவே? சூடு மறுக்கா வராதா?"

சொன்னால் செய்கிற ஆள். வரப்புத் தகராறிலிருந்தே என்மேல் ஒரு கடுப்பு அவருக்கு. ஆனால் செத்த கிடாய்க்குட்டியை நானும் பார்த்தேன், அது பொய் இல்லை. செவலியை நான் எடுத்து வளர்த்தபோது என் உள்ளங்கையளவு இருந்தது. அதுக்கு விஷம் வெக்கறேன்னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்றார்.

27.7.84, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"நேராவே கேக்கறனுங்க. இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

கோபப்படுவாள் என்று பார்த்தேன். சிரித்தாள். "வாரம் தவறாம வெஷம் தின்ன நாயைத் தூக்கிட்டு வராங்கம்மா. நான் காப்பாத்தினது கொஞ்சம். பொதைக்கச் சொன்னதுதான் ஜாஸ்தி. எனக்கு அதைப் பாக்க முடியலே. அதான் லாபம்."

"அப்பறம் கொலைக்குமுங்களா? முட்டைத் திருடனுக்குப் பயந்துட்டு இருக்கறேன்."

"இப்ப எப்படிக் குலைக்குதோ அப்படியே குலைக்கும்."

"வயித்துல இப்பவே தங்கியிருந்தா?"

"ஆரம்பந்தானே, அதோட சேர்த்து எடுத்திடலாம். எதையும் மறைக்கலே, நீங்க கூடவே நின்னு பாருங்க."

பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஜீப்பில் வந்தவர்களுக்கும் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் யாரையும் கூட நின்று பார்க்க விடவில்லை.

29.7.84, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்தது. 

மயக்க ஊசி போடுவதற்கு முன்னால், தூக்கிப் போக வசதியாக ஆஸ்பத்திரி ஆள் ஒரு கோணியைக் கொண்டுவந்து தரையில் போட்டான். அதுவரை என் காலடியில் ஒடுங்கிக் கிடந்த செவலி பாய்ந்து போய்க் கோணி வாய்க்குள் தலையை விட்டது. உள்ளே போய்ப் பிராண்டுகிறது, முனகுகிறது, வெளியே வந்து சுற்றிச் சுற்றி மோந்து பார்க்கிறது, மறுபடியும் தலையை விடுகிறது.

டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றாள். "குட்டிங்களைக் கோணியிலதான் எடுத்துட்டுப் போவாங்களாம்மா?" என்றாள்.

சீட்டுக்கு அடியில் இருந்த கோணி. சக்கரம். படி. அட பாவி மகளே! நான் இத்தனை வருஷமும் கேபினுக்குள் எவளோ ஒருத்தி வாசத்தை நாய் பிடிக்கிறது என்று நினைத்து அவரைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். அது தன் குட்டிகளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு நடந்ததை எல்லாம் நின்று பார்த்தேன். டாக்டர் சின்னதாகத்தான் கிழித்தாள், சுத்தமாகத்தான் தைத்தாள். மயக்கத்தில் செவலியின் கால் மட்டும் ஓடுகிற மாதிரி துடித்தது.

30.7.84

நேற்று எழுதாமல் விட்டது: காதை வெட்டிவிட்டாள். இடது காது நுனியில் ஒரு துண்டு. "என்னக் கேக்காம எப்பிடீங்க வெட்டுனீங்க?" என்று கத்திவிட்டேன்.

"இது ஒரு அடையாளம்மா. இல்லேன்னா வேற டாக்டர் யாராவது தெரியாம மறுபடியும் வயித்தைத் திறந்திடுவாங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும். என் தப்பு."

அடையாளமாம்! எங்கள் பக்கத்தில் காது கீறினது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆடு. அதை அடிக்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள், வெள்ளாமைக் காட்டில் இறங்கி மேய்ந்தாலும் விரட்டமாட்டார்கள். நாயைக் காது கீறி வைத்திருந்தால் ஊர் என்னை என்ன பேசும்? இதைத் தெரிந்தே செய்தாளா, தெரியாமல் செய்தாளா?

3.8.84, வெள்ளி

நேற்று ஆடிப் பதினெட்டு. இன்று காலையில் சென்னியப்ப மாமா கையில் இலைப் பொட்டலத்தோடு வேலி ஓரம் வந்து நின்றார். செவலி வாசலில் படுத்திருந்தது. நான் ஓடினேன்.

அவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நாயின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மிணி, இது எந்தச் சாமிக்கு?"

ஆபரேஷன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியாத சாமியாங்க மாமா?" என்றேன்.

"நாயைப் போயி ஆராச்சும்..."

"அதுக்கும் உசுருதானுங்களே."

அப்புறம் பொட்டலத்தைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். குப்பைக் குழியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்ததை மாடிப்படியில் நின்று பார்த்தேன். நம்பிப் புதைத்தாரா, நம்பின மாதிரி நடித்தாரா தெரியவில்லை. என்னவோ, புதைத்தார்.

19.8.84

தையல் ஆறிவிட்டது. கடுவன் ஒன்றுகூட வேலிப் பக்கம் இல்லை. முந்தாநாள் முட்டை எடுக்க வந்த எவனையோ செவலி கரும்புக்காடு வரை துரத்தியிருக்கிறது. ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. டாக்டர் சொன்னது சரிதான். இதை அவளிடம் சொல்லவேண்டும்.

26.8.84, ஞாயிறு

சென்னியப்ப மாமா தன் வெள்ளைப் பெட்டை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். "இதையும் அந்தச் சாமிக்கே உட்றலாம்னு பாக்கறேன். எங்க போகோணும், எப்பத் தொறந்திருக்கும்?" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. கிழவருக்கு அன்றைக்கே தெரியும்!

23.9.84, ஞாயிறு

லாரி வந்தது. குட்டி கிடையாது, இனி வரவும் போவதில்லை. ஆனாலும் செவலி போய் சக்கரம் சக்கரமாக மோந்து பார்த்தது. கேபினில் ஏறியது. சீட்டுக்கு அடியில் மூஞ்சியை விட்டது.

"என்னையத் தேடி—" என்று ஆரம்பித்தார்.

"உங்களை இல்லீங்க. குட்டிகளை."

அவர் கை கால் கழுவாமல் லாரிப் படியிலேயே உட்கார்ந்தார்.

"நெஜத்தைச் சொல்லுங்க. எந்த ஓட்டல்ல உட்டீங்க?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "ஓட்டல்ல உடலே. தொப்பூர் ஏத்தத்துல வண்டி ஊர்ந்துதான் போகும். கதவைத் தொறந்து ஒண்ணொண்ணா... நிறுத்துனா மனசு மாறிரும்னு, வண்டிய நிறுத்தவே மாட்டேன்."

என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். நீயெல்லாம் மனுசனான்னு கேட்டேன். ரோடு முழுக்க லாரி போற எடத்துல, கண்ணு தொறந்தும் தொறக்காததை! எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"மோர் குடுத்தாக்கூட மோந்து பாத்துக் குடிக்கறவ நீ. என்ற சட்டைப் பையி, கேபினு, ஒண்ணு உடாமத் தேடுவே. குட்டிக எங்க போச்சுன்னு மட்டும் ஏன் சௌந்திரம் ஒரு நாளும் கேக்கலே?"

நான் உள்ளே போய்ச் சோறு எடுத்து வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

24.9.84

செவலிக்கு ஆபரேஷன் செய்தது, டாக்டர், காது, மாமா, எல்லாம் சொன்னேன். காதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். செவலி விலகிப் போகவில்லை. "லாரி ஸ்டாண்டுல எல்லா டிரைவரு ஊட்லயும் பெட்டை கெடக்குது. எல்லாரு கோணியும் அந்த ஏத்தத்துலதான்" என்றார்.

7.10.84, ஞாயிறு

காலையில் லோடு இல்லாமல் லாரியை எடுத்தார். ஸ்டாண்டு வழியாகப் போய் டிரைவர்கள் வீட்டு நாய்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு. நான் கேபினில் நடுவில், என்னைச் சுற்றி நாய்கள். ஒன்று என் மடியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. டாக்டர் வாசலில் நின்று பார்த்து, "என்னம்மா இது, லோடு ஏத்திட்டு வந்திருக்கீங்க!" என்றாள். பொழுது சாயும்வரை நிமிரவில்லை அவள். மருந்துச் செலவுக்கு மேல் ஒன்றும் வாங்கவும் இல்லை. இன்னும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை, இப்படியும் ஒரு ஆளா என்று.

ஒவ்வொரு வீட்டிலும் நாயை இறக்கிவிட்டுத் திரும்பினோம். தொப்பூரில் வண்டியை நிறுத்தாதவர், இன்று ஒவ்வொரு வாசலிலும் என்ஜினை அணைத்துவிட்டு, தானே தூக்கி இறக்கினார்.

லாரி வாசலுக்கு வந்ததும் செவலி எழுந்து வந்தது. சக்கரத்தை மோந்து பார்த்தது. படியில் கால் வைத்து ஏறியது. இந்தத் தடவை கேபின் முழுக்க நாய் வாசம். சீட்டுக்கு அடியில் தலையை விட்டது, வாலை ஆட்ட ஆரம்பித்தது. மேலே, கீழே, மூலை மூலையாகத் தேடியது. அவர் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார்.

வெகு நேரம் அது இறங்கவில்லை. நாங்களும் இறங்கச் சொல்லவில்லை.